எண்ணும் முறையும் நேர்மையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இம்மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசுவோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சற்றுக் கரடுமுரடானது. பலர் கூடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, வாக்குகளை எண்ணும் முறைகளில் எது நேர்மையானது, அதை உரைத்துப் பார்க்க உரைகல் எது என்பதே அப்பொருள். இதில் கணக்கு வரும்; ஆனால் கூட்டல் கழித்தலுக்கு மேற்பட்ட கணக்கு வாராது. ஆகவே யாரும் அஞ்ச வேண்டுவதில்லை.

இப்பொருளை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் பொதுக்குழு விரைவில் கூடிப் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க இருக்கிறது. சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்தால், தேர்தலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் காணப்படுகிறது: நிர்வாகிகள் பெரும்பான்மை வாக்கினால் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். இருவர் மட்டும் போட்டியிடும்வரை இந்த ஒரு வரி போதும். மூவர் நின்றால் பெரும்பான்மை என்பது எது? விதியில் விடை இல்லை. ஊரைவிட்டு வந்த தமிழரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு: நால்வர் கூடினால் ஒரு சங்கம் பிறக்கும், தேர்தல் நடந்தால் அது இரண்டாகும் என்று. அந்த வேடிக்கை நம்மிடத்தில் உண்மையாகிவிடக் கூடாது என்பதே நம் கவலை.

ஒரு கற்பனைக் கணக்கோடு தொடங்குவோம். ஒரு காலனியில் 31 தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கத்துக்கு ஓர் அறையும் சிறிது நிதியும் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு நாடக மேடை அமைக்கலாம். அல்லது நூலகம் வைக்கலாம். அல்லது பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தலாம். மூன்றில் ஒன்றுக்கே இடம் உண்டு. வீட்டுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, மூன்றையும் விருப்பத்தின் வரிசையில் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். 12 குடும்பங்கள் மேடை, வகுப்பு, நூலகம் என்ற வரிசையில் எழுதுகின்றன. 10 குடும்பங்கள் நூலகம், வகுப்பு, மேடை என்கின்றன. எஞ்சிய 9 குடும்பங்கள் வகுப்பு, நூலகம், மேடை என்கின்றன.

இந்த 31 சீட்டுகளையும் நான்கு பெரியவர்கள் எண்ணுகிறார்கள். முதலாமவர் ஒவ்வொரு சீட்டிலும் முதல் வரியை மட்டும் பார்க்கிறார். மேடைக்கு 12, நூலகத்துக்கு 10, வகுப்புக்கு 9. “மேடையே வென்றது” என்கிறார். நம் மக்களவைத் தேர்தலில் வழங்குவது இம்முறைதான்.

இரண்டாமவர், “பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்கவில்லையே! கடைசியில் நிற்பதை நீக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவோம்” என்கிறார். வகுப்பு நீங்குகிறது, அதன் 9 சீட்டும் நூலகத்துக்குப் போகின்றன. நூலகம் 19, மேடை 12. வெற்றி நூலகத்துக்கு.

மூன்றாமவர் இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுகிறார். வகுப்பா, மேடையா என்று பார்த்தால் வகுப்பை விரும்புவோர் 19, மேடையை விரும்புவோர் 12. வகுப்பா, நூலகமா என்றால் வகுப்புக்கு 21, நூலகத்துக்கு 10. எதிர்நின்ற இரண்டையும் தனித்தனியே வென்றது தமிழ் வகுப்பு!

நான்காமவர் முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, மூன்றாமிடத்துக்குச் சுழி என்று மதிப்பெண் போடுகிறார். மேடைக்கு 24, நூலகத்துக்கு 29, வகுப்புக்கு 40. அவர் கணக்கிலும் வகுப்பே முதலிடம்.

சீட்டு ஒன்றுகூட மாறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. ஆயினும் மூன்று பொருள்களும் வெற்றி பெற்றதாகச் சொல்ல வழி இருக்கிறது. முதல் இரு முறைகளில் கடைசியில் நின்று வெளியேறிய தமிழ் வகுப்பை, எந்தக் குடும்பமும் வேண்டாத பொருளாகக் கடைசியில் வைக்கவில்லை என்பதையும் கருதிப் பாருங்கள். மக்கள் கருத்து என்று நாம் சொல்வது சீட்டில் மட்டும் இல்லை. எண்ணும் முறையிலும் பாதி இருக்கிறது.

இந்த உண்மையை முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு நாட்டார் இருவர் குறிப்பிடத்தக்கவர். போர்தா என்பவர் கடற்படையில் பணிபுரிந்த கணித அறிஞர். 1770-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் மதிப்பெண் முறையை எடுத்துரைத்தார். கொந்தோர்செ என்பவர் 1785-இல் வெளியிட்ட நூலில், இரண்டிரண்டாக ஒப்பிடும் முறையை வற்புறுத்தினார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் சிக்கி, 1794-இல் சிறையில் உயிர் நீத்தவர் அவர்.

அவர்கள் காலந்தொட்டு அறிஞர்கள் வாக்கு முறைகளை உரைத்துப் பார்க்கப் பல உரைகற்களை வகுத்திருக்கின்றனர். அவற்றுள் ஐந்தை மட்டும் இங்குச் சொல்வோம்.

முதலாவது, பாதிக்கு மேற்பட்டோர் ஒருவரையே முதலிடத்தில் வைத்தால் அவரே வெல்ல வேண்டும். இதில் யாருக்கும் ஐயம் இராது. ஆயினும் போர்தாவின் மதிப்பெண் முறை இதில் தவறக்கூடும். ஐவர் கொண்ட குழுவில் மூவர் அ, ஆ, இ என்றும், இருவர் ஆ, இ, அ என்றும் எழுதினால், அ பெறுவது 6. ஆ பெறுவது 7. ஐவரில் மூவர் முதலிடம் தந்தவர் தோற்றுப்போகிறார்.

இரண்டாவது, மற்ற ஒவ்வொருவரையும் தனித்தனியே எதிர்த்து வெல்லக்கூடிய ஒருவர் இருந்தால், அவர் தோற்கலாகாது. இது கொந்தோர்செயின் உரைகல். முதல் வரியை மட்டும் எண்ணும் முறையும், கடைசியை நீக்கும் முறையும் இதில் தேறவில்லை என்பதை நம் தமிழ் வகுப்பின் கதை காட்டிற்று.

மூன்றாவது, ஒருவருக்கு ஆதரவு கூடியதனாலேயே அவர் தோற்கலாகாது. “இது என்ன கேள்வி, அப்படியும் நடக்குமா?” என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும். கடைசியை நீக்கும் முறையில் நூலகம் வென்றதல்லவா? மேடையை விரும்பிய 12 குடும்பங்களில் 4 குடும்பங்கள் மனம் மாறி, கடைசியில் வைத்திருந்த நூலகத்தை முதலிடத்துக்கு உயர்த்துவதாகக் கொள்வோம். இப்போது நூலகத்துக்கு 14, வகுப்புக்கு 9, மேடைக்கு 8. கடைசியில் நிற்பது மேடை, அது நீங்குகிறது. அதன் 8 சீட்டும் வகுப்புக்குச் செல்கின்றன. வகுப்பு 17, நூலகம் 14. முன்பு 10 பேர் முதலிடம் தந்தபோது வென்ற நூலகம், 14 பேர் தந்தபோது தோற்கிறது!

நான்காவது, இருவரில் யார் மேல் என்பது, வெல்ல முடியாத மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்பதால் மாறலாகாது. நம் கணக்கில் வகுப்பு என்ற பேச்சே எழாதிருந்தால், மேடையை நூலகம் 19-க்கு 12 என்று வென்றிருக்கும். வகுப்பும் போட்டிக்கு வந்ததால், முதல் வரியை எண்ணும் முறையில் மேடை வென்றுவிட்டது. இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் புஷ்ஷுக்கும் கோருக்கும் இடையே இருந்த வேறுபாடு 537 வாக்குகளே. அங்கு மூன்றாமவராக நின்ற நேடர் பெற்றவை 97,488 வாக்குகள். நேடர் இல்லாதிருந்து, அவர்களுள் ஒரு சிறு பங்கினர் கோர் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தாலும் அந்த மாநிலத்தின் முடிவும், அதனால் நாட்டின் முடிவும் மாறியிருக்கும்.

ஐந்தாவது, உள்ளத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவோர் அதனால் இழப்படையலாகாது. மதிப்பெண் முறையில், தம் மனத்துக்கு உகந்தவர் வெல்ல வேண்டும் என்பதற்காக, வலிய எதிராளியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவோர் உண்டு. இதைச் சுட்டிக் காட்டியபோது, தம் முறை நேர்மையானவர்களுக்காக ஏற்பட்டது என்று போர்தா விடையிறுத்ததாகக் கூறுவர். நல்ல விடைதான், ஆனால் நேர்மையாளர் மட்டுமே வாக்களிக்கும் ஊரை யாரும் இன்னும் கண்டதில்லை.

இனி, இந்த ஐந்திலும் தேறும் முறை எது என்று கேட்பீர்கள். இரண்டிரண்டாக ஒப்பிடும் கொந்தோர்செயின் முறையே அது என்று தோன்றலாம். ஆனால் அதிலுள்ள சிக்கலைக் கண்டு சொன்னவரும் அவரே. மூன்று குடும்பங்கள் மட்டும் உள்ளனவாகக் கொள்ளுங்கள். முதல் வீட்டார் மேடை, நூலகம், வகுப்பு என்கின்றனர். இரண்டாம் வீட்டார் நூலகம், வகுப்பு, மேடை என்கின்றனர். மூன்றாம் வீட்டார் வகுப்பு, மேடை, நூலகம் என்கின்றனர். மேடை நூலகத்தை வெல்கிறது. நூலகம் வகுப்பை வெல்கிறது. வகுப்போ மேடையை வெல்கிறது! செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறோமேயன்றி முடிவு கிட்டுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டை ஏதேனும் புதிய முறையால் நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு 1951-இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் விடை கூறினார். மூன்றோ அதற்கு மேற்பட்டோ பொருள்கள் இருந்து, மக்கள் எந்த வரிசையிலும் விரும்பலாம் என்று விட்டால், எல்லாரும் ஒருமுகமாக விரும்புவதை மதிப்பது, இருவர் ஒப்பீட்டில் மூன்றாமவர் தலையிடாதிருப்பது, ஒருவரது விருப்பமே அனைவரையும் ஆளாதிருப்பது, முடிவு சுழலாமல் ஒரு வரிசையாக அமைவது ஆகிய அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்றும் வரிசை முறை எதுவும் இல்லை என்று அவர் கணக்கால் நிறுவினார். 1972-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பின்னர் 1973-இல் கிப்பர்டும் 1975-இல் சாட்டர்த்வெயிட்டும், மூவரோ அதற்கு மேற்பட்டோரோ வெல்லக்கூடிய எந்த முறையிலும், அது ஒருவரது ஆணைக்கு மட்டும் கட்டுப்பட்டதாகவோ குலுக்கலாகவோ இல்லாதவரை, மனத்தை மறைத்து வாக்களித்து ஆதாயம் அடைய இடமுண்டு என்று காட்டினர்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டா. நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் 1966-இல் ஓர் ஆறுதலான உண்மையை எடுத்துக் காட்டினார். எந்த மூன்று பொருள்களை எடுத்தாலும், அவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கடைசியில் வைக்க யாரும் விரும்பாதிருந்தால், வாக்களிப்போர் எண்ணிக்கை ஒற்றைப்படையாய் இருக்கும்போது, அந்தச் சுழல் தோன்றாது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. நம் 31 குடும்பங்களின் கணக்கில் சுழல் எழாததற்குக் காரணம் இதுவே. முதலிடம் எதற்கு என்பதில் அவர்கள் வேறுபட்டனர். ஆனால் தமிழ் வகுப்பைக் கடைசியில் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கருத்து ஒற்றுமை சிறிது இருந்தாலும் போதும், கணக்கு நேராகிவிடுகிறது.

நம் நாட்டு அரசியலில் இருந்தும் ஒரு சான்று காண்போம். குடியரசுத் தலைவர் தேர்தலில் உறுப்பினர்கள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிப்பதும், பாதிக்கு மேல் ஒருவர் பெறும்வரை கடைசியில் இருப்பவர்களை நீக்கிக்கொண்டே வருவதும் நம் அரசியலமைப்பின் வழி வந்த முறை. 1969 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வேட்பாளர்கள் 15 பேர். செல்லும் வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் வி.வி. கிரி 4,01,515-உம், நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548-உம், சி.டி. தேஷ்முக் 1,12,769-உம் பெற்றனர். கிரி முன்னணியில் நின்றும் பாதியைத் தாண்டவில்லை. பின்னர் ஒவ்வொருவராக நீங்க நீங்க, ரெட்டிக்கு 91,879 கூடிற்று. கிரிக்குக் கூடியது 18,562 மட்டுமே. எனினும் கிரி 4,20,077 பெற்றுக் கரையேறினார். ரெட்டி 4,05,427-இல் நின்றார். 2022 வரை நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்களில் இரண்டாம் விருப்பத்தை எண்ண நேர்ந்தது அந்த ஒருமுறைதான். ஆளுங்கட்சியே இரண்டுபட்டுக் கொந்தளித்த காலம் அது. ஆயினும் எண்ணும் முறை முன்னரே எழுதப்பட்டிருந்தபடியால், கணக்கைப் பற்றிய பூசலுக்கு அங்கு இடமில்லாது போயிற்று.

தேர்தல் என்றதும் நம்மவர் நாவில் உத்திரமேரூர் வராமல் இராது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 அளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அதை மக்களாட்சித் தேர்தல் என்று மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். உள்ளதை உள்ளபடி சொன்னால், அது வாக்கு எண்ணும் முறையன்று, குலுக்கல் முறை. நிலம், சொந்த மனை, வேதக் கல்வி, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று தகுதிகள் வகுத்திருந்தார்கள். பெண்டிருக்கும் உழைப்பாளிகளுக்கும் அங்கு இடமில்லை. இக்குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அம்முறையில் இரண்டு சிறப்புகள் இருந்தன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையில் இடம்பெற முடியாது. மற்றொன்று, சபையார் அனைவரும் பார்க்கக் குடத்தை வைத்து, உள்ளிருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்து, அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். விரலை மடக்கினால் ஐயம் பிறக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்! குலுக்கலில் சூழ்ச்சிக்கு இடமில்லை. ஆனால் மக்கள் விருப்பமும் அதில் தெரியாது. இன்றும் நம் நாட்டு 1951-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் இருவர் சமமாக வாக்குப் பெற்றால் குலுக்கலே முடிவு செய்கிறது. எங்கு மனித அறிவு முட்டி நிற்கிறதோ அங்குக் குடத்துக்கு இடம் கொடுப்பது இழிவாகாது.

இவற்றையெல்லாம் கொண்டு நம் சங்கத்துக்கு நாம் முன்வைக்கும் கருத்து இது. முதற்கண், கைதூக்கி வாக்களிக்கும் வழக்கத்தை விட்டு, மடித்த சீட்டில் எழுதி வாக்களிப்போம். மேலதிகாரியும் அவர்கீழ்ப் பணிபுரிவோரும் ஒரே காலனியில் குடியிருக்கிறோம். எவர் கை எங்கு உயர்கிறது என்று எவரும் பார்க்கும் இடத்தில், கை உயர்வது மனத்தின் வழியாக மட்டும் அன்று. இரண்டாவதாக, இருவர் மட்டும் நின்றால் கூடுதல் வாக்குப் பெற்றவரே வென்றவர். இருவர் போட்டியில் இரு வேட்பாளரையும் எல்லா வாக்காளரையும் சமமாக மதித்து, ஆதரவு கூடுவதற்கு உரிய பயனும் தருவது பெரும்பான்மை முறை ஒன்றே என்று கென்னத் மே 1952-இல் நிறுவியிருக்கிறார். மூன்றாவதாக, மூவரோ அதற்கு மேலோ நின்றால், சீட்டில் வரிசைப்படுத்தி எழுதி, இரண்டிரண்டாக ஒப்பிட்டு, மற்ற அனைவரையும் தனித்தனியே வெல்பவரைத் தேர்ந்தெடுப்போம். சுழல் எழுந்து முடிவு காணாவிடில், சுழலில் அகப்பட்டவர்களின் பெயர்களைக் குடத்திலிட்டு, தமிழ் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுக்கச் செய்வோம்.

இது குறையற்ற முறையா என்றால், இல்லை. எண்ணுவதற்கு நேரம் ஆகும். சிலர் வரிசை முழுவதும் எழுதமாட்டார்கள். நால்வரோ அதற்கு மேலோ நிற்கும்போது, ஒருவர் வாக்களிக்க வந்ததைக் காட்டிலும் வராதிருந்ததே அவர் விருப்பத்துக்கு நலமாய் முடியும் நிலை இம்முறையில் நேரலாம் என்று மூலேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1988-இல் காட்டியிருக்கிறார். நீங்கள் வேறு முறையைத் தேர்ந்தெடுத்தாலும் நமக்கு வருத்தமில்லை. கடைசியை நீக்கும் முறையே எளிது என்று நீங்கள் கருதினால், அதன் குறை இன்னதென்று தெரிந்தே அதைக் கொள்ளுங்கள். எந்தக் குறையோடு வாழ நாம் உடன்படுகிறோம் என்பதே கேள்வி. அதற்கான விடையைச் சீட்டு மடிக்கும் முன்னரே விதியில் எழுதிவைக்க வேண்டும். யார் வெல்வார் என்று தெரிந்த பிறகு எண்ணும் முறையைத் தேடுவது நேர்மையாகாது. அப்போது முறையைத் தேடுவதும் ஆளைத் தேடுவதும் ஒன்றாகிவிடும்.

வென்றவர் மகிழ்வதற்கு முறை தேவையில்லை. வெற்றி ஒன்றே போதும். தோற்றவர், “நம் பக்கம் குறைவு; நாமும் ஒப்பிய முறைப்படியே தோற்றோம்” என்று மனம் அமைவதற்கே முறை வேண்டும். தேர்தல் முடிந்த மறுநாளும் நாம் ஒரே குழாயடியில், ஒரே பேருந்து நிறுத்தத்தில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். சொந்த ஊர் வெகுதூரத்தில் இருக்கிறது. இங்கு நமக்கு ஊரும் உறவும் இந்தச் சில குடும்பங்களே. தோற்றவர் வீட்டுப் பிள்ளையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் வந்து அமருமானால், நம் தேர்தல் நேர்மையாக நடந்தது என்று கொள்ளலாம்.